அப்டேட் போட்டதும் லினக்ஸ் பூட் ஆகலையா, ஃபார்மேட்டுக்குத் தலையாட்டிப்புடாதீங்க

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிர்றேன், ஃபார்மேட் பண்ண வேண்டாம். சிபியு-வ சர்வீஸ் கடையில குடுத்து வச்சிருந்தீங்கன்னா இன்னைக்கே போய் அப்படியே திருப்பி வாங்கிட்டு வந்துருங்க, "ஓஎஸ் மட்டும் மாத்தித் தாரேன்"னு சொன்னாலும் வேண்டாம்னு சொல்லுங்க. உங்க டேட்டா அனேகமா உள்ள பத்திரமாத்தான் இருக்கு, ஏன்னு கீழ சொல்றேன்.

நீங்க கேட்டதை மத்தவங்களுக்கும் புரியிற மாதிரி சுருக்கிச் சொல்லிர்றேன். கோட்டையூர்ல உங்க அப்பத்தா பலகார ஆர்டர் எடுத்துச் செய்றாங்க, கை முறுக்கு, சீப்புச் சீடை, மனகோலம்னு சிங்கப்பூர் மலேசியா வரைக்கும் பார்சல் போகுது. யாருக்கு என்ன அட்ரஸ், யார் எவ்வளவு பாக்கி, எல்லாம் ஒரு டெஸ்க்டாப்புல லிப்ரே ஆபீஸ் கால்க் ஷீட்ல கிடக்கு, அதுல ஓடுறது லினக்ஸ் மின்ட் 21. அப்டேட் மேனேஜர்ல எல்லாத்தையும் டிக் போட்டு ஓட விட்டிருக்கீங்க, பாதியில கரண்ட் போயிருச்சு, யுபிஎஸ் இல்ல. கரண்ட் வந்து ஆன் பண்ணா கருப்புத் திரையில வரிவரியா ஓடி கடைசில "கெர்னல் பேனிக், நாட் சிங்கிங், விஎஃப்எஸ், அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன் பிளாக் 0,0"ன்னு வந்து அப்படியே நிக்குது. சர்வீஸ் பண்றவரு பாத்துட்டு "ஹார்ட் டிஸ்க் கரப்ட், டேட்டா வராது, ஃபார்மேட்தான்"னுட்டாரு. தீபாவளி ஆர்டர் வேற வர ஆரம்பிச்சிருச்சு. இதுதானே விஷயம்.

பேனிக்னு பேர் வச்சதாலயே எல்லாரும் பதறிர்றாங்க, ஆனா லினக்ஸ்ல வர்ற எரர்லயே சரி பண்ண லேசானது இதுதான்னு நான் சொல்வேன். அந்த 0,0 இருக்கு பாருங்க, அதைக் கவனிங்க. டிஸ்க் செத்துப் போச்சுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல, கெர்னல் (லினக்ஸோட மையப் புரோகிராம்) டிஸ்க்கை இன்னும் பாக்கவே இல்லங்கிறதுதான் அர்த்தம். பாக்கிறதுக்குத் தேவையான டிரைவர் அதுக்குக் கிடைக்கல, அவ்வளவுதான்.

ஸ்விட்ச் போட்டதுல இருந்து டெஸ்க்டாப் வர்ற வரைக்கும் உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிருச்சுன்னா எங்க மாட்டிக்கிச்சுன்னு நீங்களே கண்டுபிடிச்சிருவீங்க. முதல்ல மதர்போர்டுல இருக்குற யுஇஎஃப்ஐ எழுந்திருக்கும் (பழைய மெஷின்னா பயாஸ், அது நேரா கிரப்பைக் கூப்பிடும்), யுஇஎஃப்ஐ வந்து ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்ல இருக்குற ஷிம்ங்கிற சின்ன புரோகிராமைக் கூப்பிடும், ஷிம் வந்து எந்தக் கெர்னல்ல ஏறணும்னு மெனு காட்டுற கிரப்பைக் கூப்பிடும், கிரப் ரெண்டு ஃபைலை எடுத்து மெமரியில ஏத்தும், ஒண்ணு விஎம்லினஸ், அதுதான் கெர்னல், இன்னொண்ணு இனிட்ஆர்டி, அதைத்தான் இனிட்ராம்எஃப்எஸ்னும் சொல்வாங்க. இந்த ரெண்டாவது ஃபைல்தான் இங்க விஷயமே. நம்ம பக்கம் பெரிய வீட்டுல முகப்புல நின்னுக்கிட்டு வளவுக்குள்ள போகணும்னா சாவிக்கொத்து வேணும்ல, கெர்னல் முகப்பு வரைக்கும் வந்துரும், டிஸ்க்குங்கிற வளவைத் திறக்குற சாவிக்கொத்துதான் இனிட்ராம்எஃப்எஸ், அதுக்குள்ளதான் சாட்டா, என்விஎம்இ, எல்விஎம், என்கிரிப்ஷன்னு அந்தந்த டிஸ்க்குக்குத் தேவையான டிரைவரும் சின்னச் சின்ன ஸ்கிரிப்டும் இருக்கும். அது திறந்து உங்க ரூட் பார்ட்டிஷனை (லினக்ஸ் கிடக்குற டிஸ்க் பகுதி) மவுண்ட் பண்ணிட்டு, அதாவது சிஸ்டத்தோட இணைச்சிட்டு, சிஸ்டம்டி கைல ஒப்படைச்சிரும், சிஸ்டம்டி மத்த சர்வீஸை எல்லாம் எழுப்பி கடைசியா லாகின் ஸ்கிரீனைக் கொண்டாரும்.

உங்களுக்கு என்ன ஆயிருக்குன்னா, புது கெர்னல் வந்துருச்சு, கிரப் மெனுவுலயும் அதோட பேர் ஏறிருச்சு, ஆனா அதுக்கான இனிட்ராம்எஃப்எஸ் உருவாகுறதுக்குள்ள கரண்ட் போயிருச்சு, இல்லன்னா உருவாகி டிஸ்க்ல முழுசா எழுதி முடியல. ரெண்டுல எதுவா இருந்தாலும் வைத்தியம் ஒண்ணுதான். கெர்னல் அப்டேட் கைய வைக்கிறது /பூட் ஃபோல்டர்லயும் /லிப்/மாடியூல்ஸ் ஃபோல்டர்லயும்தான், அப்பத்தாவோட ஷீட் கிடக்குற /ஹோம் பக்கம் அது எட்டிக்கூடப் பாக்காது. அதனாலதான் முதல்லயே டேட்டா பத்திரம்னு சொன்னேன்.

இப்ப வேலைக்கு வருவோம். கமாண்டை எல்லாம் தமிழ் எழுத்துலதான் எழுதிருக்கேன், டெர்மினல்ல (கமாண்ட் அடிக்கிற ஜன்னல்) ஆங்கிலச் சின்ன எழுத்துல அடிங்க, முன்னாடி சூடோன்னு வந்தா அட்மின் அதிகாரத்தோட ஓட்டுன்னு அர்த்தம், ஹைஃபன் எங்க, ஸ்பேஸ் எங்கன்னு பாத்து அடிங்க, ஒரு ஸ்பேஸ் மாறுனாக்கூட வேற அர்த்தம் ஆயிரும்.

உபுண்டு, மின்ட் ரெண்டுமே புது கெர்னல் வந்தா பழசை உடனே அழிக்காது, கூட ஒண்ணாவது வச்சிருக்கும். அந்தப் பழசுல ஏறிக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஆனா மின்ட்ல வேற ஓஎஸ் இல்லன்னா கிரப் மெனு கண்ணுல படாம ஒளிஞ்சிருக்கும், அதை வெளிய இழுக்கணும். யுஇஎஃப்ஐ மெஷின்னா கம்பெனி லோகோ மறையிற நேரத்துல எஸ்கேப் கீயை ஒரு தட்டு, பழைய பயாஸ் மெஷின்னா ஆன் பண்ணதுல இருந்தே ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருங்க. எஸ்கேப்பை பதட்டத்துல படபடன்னு தட்டிட்டீங்கன்னா மெனுவைத் தாண்டி "கிரப்>"னு வெறும் கமாண்ட் லைன்ல போய் நிக்கும், அய்யோ இதுவும் போச்சான்னு நினைச்சிராதீங்க, அங்க "நார்மல்"னு அடிச்சு என்டர் தட்டுனா பெரும்பாலும் திரும்ப மெனுவுக்குக் கொண்டுபோய் விட்டுரும், வந்த உடனே எஸ்கேப்பை இன்னொரு தட்டு தட்டிப் பிடிச்சுக்கணும், இல்லன்னா அது பாட்டுக்கு பூட் ஆகப் போயிரும். அப்படியும் பிடிபடலன்னா பவர் பட்டனை அழுத்தி அணைச்சிட்டு மறுபடி பாருங்க, இந்தக் கட்டத்துல டிஸ்க் மவுண்டே ஆகலங்கிறதால அதுக்கு ஒண்ணும் ஆகாது.

மெனு வந்தா ரெண்டாவது வரியில "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்"னு இருக்கும், உள்ள போங்க. கெர்னல் பேரெல்லாம் நம்பரோட வரிசையா இருக்கும், மேல இருக்குறதுதான் புதுசு, பேனிக் ஆகுறது அதுதான். அதுக்கு அடுத்த நம்பரை, பக்கத்துல "ரெக்கவரி மோடு"ன்னு போடாததாப் பாத்து எடுத்து என்டர் தட்டுங்க. பெரும்பாலானவங்களுக்கு இங்கயே டெஸ்க்டாப் வந்துரும்.

வந்துருச்சா? கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க, எதையும் ரிப்பேர் பண்ண ஆரம்பிக்காதீங்க. முதல் வேலை ஒரு பென்டிரைவைச் சொருகி அப்பத்தாவோட ஷீட்டை காப்பி பண்ணி, ஃபைல் மேனேஜர்ல ஒழுங்கா எஜெக்ட் குடுத்து, வேற ஒரு கம்ப்யூட்டர்லயோ போன்லயோ திறந்து பாருங்க, திறக்குதான்னு கண்ணால பாத்த பிறகுதான் அடுத்த வேலை. இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, மெஷின் உயிரோட வந்துருச்சேங்கிற சந்தோஷத்துல நேரா டெர்மினலுக்குப் போறவங்கதான் அதிகம், அந்த நேரம் பாத்து மறுபடி கரண்ட் போனா என்ன பண்றது.

அடுத்து டெர்மினலைத் திறந்து, "டிஎஃப் -எச்"னு அடிச்சு இடம் இருக்கான்னு பாருங்க. கரண்ட் மேல பழி போட்டுட்டு இருப்போம், உண்மையில /பூட் நிறைஞ்சுபோய் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்"னு அப்டேட் பாதியில செத்திருக்கும், இது ரொம்ப சாதாரணமா நடக்குறது. முக்கியமா இன்ஸ்டால் பண்ணும்போது டிஸ்க் என்கிரிப்ஷன் டிக் போட்டவங்களுக்கு /பூட் தனிப் பார்ட்டிஷனா சின்னதா இருக்கும், நாலஞ்சு கெர்னல் சேந்தா திணறிரும். 95, 100 சதவீதம்னு காட்டுச்சுன்னா பழைய கெர்னலை எடுக்கணும், ஆனா தயவுசெஞ்சு /பூட் உள்ள போய் ஃபைலைக் கையால அழிக்காதீங்க, பேக்கேஜ் மேனேஜருக்கு (சாஃப்ட்வேரைப் போடுற, எடுக்குற புரோகிராம்) தெரியாம அழிச்சா அது ஒரு கணக்கு வச்சிருக்கும், டிஸ்க்ல வேற ஒண்ணு இருக்கும், அடுத்த அப்டேட்ல மறுபடி இதே கூத்துதான். "சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்"னு அடிச்சா அதுவே தேவையில்லாததை மட்டும் எடுத்துரும், இப்ப ஓடிக்கிட்டு இருக்குற கெர்னலைத் தொடாது. பாதியில நின்ன அப்டேட் பாக்கி இருக்குறதால அந்தக் கமாண்ட் ஓடமாட்டேன்னு அடம் பிடிச்சா, அடுத்து சொல்றதை முதல்ல முடிச்சிட்டு திரும்ப வாங்க.

அடுத்தது "சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ". கரண்ட் போனப்ப பிரிச்சுப் போட்டு செட்டப் ஆகாம கிடக்குற பேக்கேஜை எல்லாம் விட்ட இடத்துல இருந்து இது முடிச்சு வைக்கும். நடுவுல ஏதாவது ஒரு செட்டிங் ஃபைலைக் காட்டி புதுசு வேணுமா பழசையே வச்சுக்கவான்னு கேட்டா, நீங்க அதுல கை வச்சதா ஞாபகம் இருந்தா பழசையே வச்சுக்கங்க. முடிஞ்சதும் "சூடோ ஏபிடி -எஃப் இன்ஸ்டால்", ஏதாவது பேக்கேஜ் கூட்டாளி இல்லாம தொங்கிக்கிட்டு இருந்தா இது கொண்டுவந்து சேக்கும்.

இப்ப "எல்எஸ் -எல்எச் /பூட்"னு போட்டு நிதானமாப் பாருங்க. ஒவ்வொரு கெர்னல் நம்பருக்கும் ஒரு விஎம்லினஸ், ஒரு இனிட்ஆர்டி ரெண்டும் ஜோடியா இருக்கணும். விஎம்லினஸ் 10, 15 எம்பி அளவுல இருக்கும், இனிட்ஆர்டி அதைவிட நல்லா பெருசா 60, 100 எம்பின்னு இருக்கும். உங்க புது நம்பருக்கு இனிட்ஆர்டி இல்லவே இல்லன்னாலோ, இருந்தும் 0ன்னு காட்டுனாலோ, மத்ததைவிட ரொம்பச் சின்னதா இருந்தாலோ திருடன் அகப்பட்டான். இந்த இடத்துல நிறைய பேர் "சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்"னு அடிச்சிட்டு எல்லாம் ஆச்சுன்னு ரீபூட் பண்ணி மறுபடி பேனிக் வாங்குவாங்க. காரணம் என்னன்னா -யு ஏற்கனவே இருக்குறதைப் புதுப்பிக்கத்தான், இல்லாததை உருவாக்க -சி போடணும். அதனால "சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே" அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு விஎம்லினஸ் ஃபைல் பேர்ல பின்னாடி வர்ற அந்த முழு நம்பரை, கடைசில "ஜெனெரிக்"னு முடியிற வரைக்கும் அப்படியே அடிங்க. ஓடி முடிஞ்சதும் திரும்ப சைஸைப் பாருங்க, வந்துருச்சுன்னா "சூடோ அப்டேட்-கிரப்". அது ஓடும்போதே ஒவ்வொரு கெர்னலுக்கும் "ஃபவுண்ட் இனிட்ஆர்டி இமேஜ்"னு ஒரு வரி வரும், புது நம்பருக்கும் அந்த வரி வந்தாத்தான் ரீபூட் குடுக்கணும்.

எது வரைக்கும் போய் நின்னுச்சுன்னு தெரிஞ்சுக்க ஆசையா இருந்தா /வார்/லாக்/ஏபிடி ஃபோல்டர்ல டெர்ம்.லாக்னு ஒரு ஃபைல் இருக்கு, அப்டேட் ஓடுனப்ப ஸ்கிரீன்ல வந்தது பூரா அதுல இருக்கும், கடைசி வரி எதுவோ அங்கதான் கரண்ட் போயிருக்கு. ஜர்னல்சிடிஎல்-ல போன பூட்டோட லாக்கைப் பாருங்கன்னு சிலர் சொல்வாங்க, உங்க கேஸ்ல அது ஒண்ணும் தராது, டிஸ்க்கே மவுண்ட் ஆகாதப்ப லாக்கை எங்க போய் எழுதும், அதனால பேனிக்குக்கு போன்ல எடுத்த போட்டோதான் சாட்சி.

பழைய கெர்னலும் ஏறலன்னா லைவ் யுஎஸ்பி. வேற கம்ப்யூட்டர்ல மின்ட் ஐஎஸ்ஓ-வை (இன்ஸ்டால் பண்ற ஃபைல்) இறக்கி பென்டிரைவ்ல எழுதி (முடிஞ்சா உங்ககிட்ட இருக்குற அதே வெர்ஷன்) அதுல இருந்து பூட் பண்ணுங்க. டெஸ்க்டாப் வந்ததும் "இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்"னு ஒரு ஐகான் சிரிச்சுக்கிட்டு நிக்கும், அது பக்கம் கையே போகக்கூடாது. ஃபைல் மேனேஜர்ல உங்க பழைய டிஸ்க் தெரியும், திறந்து ஷீட்டை எடுத்துக்கங்க. சர்வீஸ்காரர் வராதுன்னு சொன்ன டேட்டா இப்படித்தான் வரும்.

அப்புறம் ரிப்பேர். யுஎஸ்பி-யும் யுஇஎஃப்ஐ மோடுலதான் பூட் ஆகியிருக்கான்னு முதல்ல பாத்துக்கங்க, /சிஸ்/ஃபர்ம்வேர் உள்ள ஈஎஃப்ஐ-ன்னு ஒரு ஃபோல்டர் இருந்தா சரி, இல்லன்னா பழைய பயாஸ் மோடுல ஏறிருக்கீங்க, அப்படியே கிரப் போட்டா தப்பான இடத்துல போய் உக்காரும். "எல்எஸ்பிஎல்கே -எஃப்" அடிச்சா பார்ட்டிஷன் எல்லாம் வரும், எக்ஸ்ட்4-ன்னு பெருசா இருக்குறது ரூட், விஃபேட்னு சின்னதா இருக்குறது ஈஎஃப்ஐ. உதாரணத்துக்கு எஸ்டிஏ2 ரூட், எஸ்டிஏ1 ஈஎஃப்ஐ-ன்னு வச்சுக்குவோம், உங்க மெஷின்ல வேற பேரா இருக்கும், பாத்து மாத்திக்கங்க. ரூட் எக்ஸ்ட்4-ஆ இருந்தா மவுண்ட் பண்றதுக்கு முன்னாடி, டிஸ்க்கு சும்மா இருக்குறப்பவே "சூடோ ஈ2எஃப்எஸ்சிகே -எஃப் /டெவ்/எஸ்டிஏ2" ஒரு தடவை ஓட விடுங்க, ஃபைல் மேனேஜர்ல திறந்து வச்சிருந்தீங்கன்னா அன்மவுண்ட் பண்ணிட்டு. கரண்ட் கட் ஆன டிஸ்க்குக்கு இது அவசியம், ஓடிக்கிட்டு இருக்குற சிஸ்டத்துல ரூட் மேல இதை ஓட்டவே கூடாது.

பிறகு "சூடோ மவுண்ட் /டெவ்/எஸ்டிஏ2 /எம்என்டி", தனி /பூட் இருந்தா அதை /எம்என்டி/பூட் மேல, அடுத்து எஸ்டிஏ1-ஐ /எம்என்டி/பூட்/ஈஎஃப்ஐ மேல மவுண்ட் பண்ணுங்க. வரிசை மாறக்கூடாது. அதுக்கப்புறம் டெவ், ப்ராக், சிஸ், ரன் நாலையும் "சூடோ மவுண்ட் --ஆர்பைண்ட் /டெவ் /எம்என்டி/டெவ்"ங்கிற மாதிரி ஒவ்வொண்ணா உள்ள கொண்டுபோகணும். வெறும் பைண்ட் போட்டா சிஸ்ஸுக்கு உள்ள இருக்குற ஈஎஃப்ஐ வேரியபிள் ஃபோல்டர் கூட வராது, கிரப் இன்ஸ்டால் ஆகும்போது எரர் அடிக்கும், அதனாலதான் ஆர்பைண்ட். ரன்னையும் சேக்கச் சொல்றது உள்ள போன பிறகு இன்டர்நெட் வேலை செய்யத்தான். எல்லாம் ஆனதும் "சூடோ சிஎச்ரூட் /எம்என்டி", இப்ப நீங்க நிக்கிறது உங்க பழைய சிஸ்டத்துக்குள்ள, மேல சொன்ன டிபிகேஜி, இனிட்ராம்எஃப்எஸ், கிரப் எல்லாத்தையும் சூடோ இல்லாம அப்படியே ஓட்டலாம். கிரப்பே போயிருச்சுன்னா அப்டேட்-கிரப்புக்கு முன்னாடி யுஇஎஃப்ஐ-க்கு வெறும் "கிரப்-இன்ஸ்டால்" போதும், பயாஸ் மெஷின்னா பின்னாடி டிஸ்க் பேரைக் குடுக்கணும், /டெவ்/எஸ்டிஏ, பார்ட்டிஷன் நம்பர் இல்லாம.

என்கிரிப்ஷன் போட்டவங்க ஒண்ணு கவனிங்க. லைவ்ல இருந்து கிரிப்ட்செட்டப் வச்சுத் திறக்கும்போது ஒரு பேர் கேக்கும், வாயில வந்ததைக் குடுக்காதீங்க. உங்க டிஸ்க்ல /ஈடிசி/கிரிப்ட்டேப் ஃபைல்ல முதல்ல என்ன பேர் இருக்கோ அதே பேர்ல திறக்கணும். பேர் மாறுச்சுன்னா புதுசா உருவாகுற இனிட்ராம்எஃப்எஸ்ல டிஸ்க்கைத் திறக்குற சங்கதியே சேராமப் போயிரும், ரீபூட் பண்ணா பாஸ்வேர்டே கேக்காம நிக்கும், எங்க தப்புன்னு தலையப் பிச்சுக்கணும்.

பூட்-ரிப்பேர்னு ஒரு டூல் இருக்கே, ஒரே பட்டன்தானேன்னு கேப்பீங்க. நல்ல டூல்தான், கிரப் போன கேஸுக்கு வேலை செய்யும். ஆனா உங்க மாதிரி பாதி அப்டேட்ல நின்ன மெஷினுக்கு நான் அதை முதல்ல சொல்லமாட்டேன், பாக்கி இருக்குற பேக்கேஜை முடிக்காம கிரப்பை மட்டும் புதுசாப் போட்டா மறுபடி அதே பேனிக்லதான் வந்து நிப்பீங்க.

எல்லாருக்கும் இதே மெசேஜ் வராது, அதனால மத்ததையும் சொல்லிர்றேன். பேனிக் இல்லாம "(இனிட்ராம்எஃப்எஸ்)"னு ஒரு பிராம்ப்ட்ல நின்னா, சாவி இருக்கு, ஆனா ரூட் பார்ட்டிஷன் சரியில்ல இல்லன்னா கண்ணுக்குத் தெரியலன்னு அர்த்தம். மேல "ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி"ன்னு ஒரு வரி இருந்தா அதுலயே பார்ட்டிஷன் பேரும் இருக்கும், "எஃப்எஸ்சிகே -ஒய்"னு போட்டு அந்தப் பேரைக் குடுங்க, ஓடி முடிஞ்சதும் "எக்ஸிட்"னு அடிச்சா மேல பூட் ஆகும். இதே எரர் வாரத்துக்கு ஒரு தடவை வந்தா கரண்டை விட்டுட்டு டிஸ்க்கைச் சந்தேகப்படுங்க, சாட்டா கேபிளை மாத்திப் பாருங்க, "சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ" போட்டு பின்னாடி டிஸ்க் பேரைக் குடுத்து ரீஅலோகேட்டட், பெண்டிங் செக்டார் எண்ணிக்கை ஏறுதான்னு பாருங்க, ஏறுச்சுன்னா புது டிஸ்க் வாங்கத்தான் வேணும்.

"ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்"னு ஒன்றரை நிமிஷம் ஓடிட்டு "எமர்ஜென்சி மோடு"ன்னு வந்தா அனேகமா /ஈடிசி/எஃப்எஸ்டேப் ஃபைல்ல எழுதி வச்ச ஒரு டிஸ்க் இப்ப இல்ல. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டியிருப்பீங்க, இல்ல அதோட பவர் கேபிள் லூசாயிருக்கும். அப்டேட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இருக்காது, மாசக்கணக்கா ரீஸ்டார்ட் பண்ணாம இருந்துட்டு அப்டேட்டுக்காகப் பண்ணும்போது வெளிய வரும், அவ்வளவுதான். அந்த வரியில ஆப்ஷன்ல "நோஃபெயில்"னு சேத்துட்டா அந்த டிஸ்க் இல்லாட்டியும் மெஷின் வந்துரும், ரூட் வரிக்கு மட்டும் அதைப் போடாதீங்க.

திரை மட்டும் கருப்பா இருக்கு, ஆனா கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்துனா லாகின் கேக்குதுன்னா பூட் நல்லாவே ஆயிருக்கு, கிராபிக்ஸ் டிரைவர்தான் பிரச்சனை. என்விடியா கார்டு வச்சிருக்க பசங்களுக்கு அடிக்கடி வரும், புது கெர்னலுக்கு ஏத்த மாதிரி டிரைவர் மாடியூல் கம்பைல் ஆகலன்னா இப்படி. அந்தக் கம்பைல் வேலையைப் பாக்குறது டிகேஎம்எஸ்ங்கிற டூல், "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" போட்டா புது நம்பருக்கு நேரா இன்ஸ்டால்டுன்னு இருக்கான்னு தெரியும், இல்லன்னா "சூடோ ஏபிடி இன்ஸ்டால் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனெரிக்" போட்டு ஹெடர் வந்ததும் "சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்". லாகின்கூட வரலன்னா கிரப் மெனுவுல ஈ அழுத்தி, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியில "கொயட் ஸ்பிளாஷ்"ஷை எடுத்துட்டு "நோமோட்செட்"னு போட்டு எஃப்10 அழுத்துங்க, அந்த ஒரு தடவைக்கு மட்டும் சாதா டிஸ்ப்ளேல வரும். செக்யூர் பூட் (கையெழுத்துப் போட்ட சாஃப்ட்வேரை மட்டும் பூட்ல விடுற பாதுகாப்பு) ஆன்ல இருந்தா டிரைவர் போட்ட அடுத்த ரீஸ்டார்ட்ல நீல ஸ்கிரீன்ல எம்ஓகே-ன்னு ஒரு மெனு வரும், அதை அவசரத்துல தள்ளிவிட்டுட்டுப் போறவங்களுக்குத்தான் டிரைவர் லோட் ஆகாது, "என்ரோல்" எடுத்து நீங்க வச்ச பாஸ்வேர்டைக் குடுக்கணும்.

விண்டோஸும் லினக்ஸும் சேத்து வச்சிருக்கவங்களுக்கு 2024 ஆகஸ்ட்ல ஒண்ணு நடந்துச்சு. விண்டோஸ் செக்யூரிட்டி அப்டேட் ஒண்ணு எஸ்பாட்ங்கிற தடைப் பட்டியலைப் புதுப்பிச்சதுல பழைய ஷிம் வச்சிருந்த லினக்ஸ் எல்லாம் "எஸ்பாட் செல்ஃப் செக் ஃபெயில்டு, செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்"னு சொல்லி மெஷினையே அணைச்சிருச்சு. லினக்ஸ்ல அப்டேட்டே போடலையேன்னு குழம்பிப் போனாங்க பாவம். அந்த மெசேஜ் வந்தா பயாஸ்ல செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணி லினக்ஸுக்குள்ள வந்து "சூடோ எம்ஓகேயுடில் --செட்-எஸ்பாட்-பாலிசி டிலீட்" அடிச்சு, ஒரு தடவை லினக்ஸுக்கே ரீபூட் பண்ணி, ஷிம்மையும் அப்டேட் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணிருங்க. நிரந்தரமா ஆஃப்லயே விடுறது எனக்கு உடன்பாடு இல்ல.

இனிமே இப்படி ஆகாம இருக்க என்ன பண்ணலாம்னும் கேட்டிருந்தீங்க. யுபிஎஸ்தான் முதல். வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கேன்னு சொல்லாதீங்க, சாதா இன்வெர்ட்டர் மாறுற அந்தக் கண்ணிமைக்கிற நேரத்துலயே டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆயிரும், யுபிஎஸ் மோடுன்னு தனியா ஸ்விட்ச் இருந்தா அதுல போட்டுப் பாக்கலாம், இல்லன்னா 600 விஏ சின்ன யுபிஎஸ்ஸே கெர்னல் அப்டேட் முடியிற வரைக்கும் தாங்கும். மாசாந்திர பராமரிப்புக்கு கரண்ட் நிக்கும்னு பேப்பர்ல போடுறாங்கல்ல, அன்னைக்கும் இடி மழை அன்னைக்கும் அப்டேட்டைத் தொடாதீங்க. தீபாவளி, பொங்கல்னு ஆர்டர் நெருக்குற சமயத்துல கெர்னல் அப்டேட்டைத் தள்ளி வைக்கிறதுல தப்பே இல்ல, பிரவுசர் அப்டேட்டை மட்டும் போட்டுக்கிட்டு கெர்னலை ரெண்டு மூணு வாரம் கழிச்சுப் போடுங்க.

மின்ட்ல டைம்ஷிஃப்ட் கூடவே வருது, ஒரு தடவை திறந்து வாரத்துக்கு ஒண்ணுன்னு செட் பண்ணிட்டா அது பாட்டுக்கு சிஸ்டத்தை எடுத்து வச்சுக்கும், அடுத்த தடவை என்ன ஆனாலும் லைவ் யுஎஸ்பி-ல இருந்து ரெஸ்டோர் குடுத்தா போன வாரத்து நிலைக்கு வந்துரும். ஆனா அது சிஸ்டத்துக்குத்தான், உங்க /ஹோம் ஃபோல்டரை அது சாதாரணமா எடுக்காது. அப்பத்தாவோட ஷீட்டுக்கு தனியா பேக்கப் வேணும், ஒரு பென்டிரைவ், ஒரு மெயில், ரெண்டு இடத்துல இருக்கணும். பல வருஷத்து வாடிக்கையாளர் அட்ரஸ் தம்பி அது, அவங்க கையால எழுதி வச்ச நோட்டுல இருந்து நீங்க ஏத்துனது, மெஷின் போனா வேற வாங்கலாம், அதை எங்க போய் வாங்குவீங்க.

முதல்ல பழைய கெர்னல்ல ஏறிப் பாருங்க. ஏறலன்னா லைவ் யுஎஸ்பி-ல இருந்து "எல்எஸ்பிஎல்கே -எஃப்" போட்ட ஸ்கிரீனையும், பேனிக் வர்ற ஸ்கிரீன்ல கடைசி வரி மட்டும் இல்லாம அதுக்கு மேல ஒரு இருபது வரியும் தெரியிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துச் சொல்றேன். கிரப்ல ஈ அழுத்தி கொயட் ஸ்பிளாஷை எடுத்துட்டு பூட் பண்ணா அந்த வரியெல்லாம் தெளிவா வரும்.